பட்டன் அமத்தினா கொப்பி: ரெண்டு குழி டொக்கும் அக்காட லெப்டொப்பும்

முதல்லயே சொல்லிர்றன், ஒரு ஹாட்டிஸ்க்க இன்னொண்டுக்குக் கொப்பி எடுக்கிற இந்த டொக் பிராண்டு இல்லாத சாமான். பெட்டியில ஒரு கொம்பனிப் பேரும் இல்ல. கறுப்பு பிளாஸ்டிக், மேல ரெண்டு குழி, முன்னுக்கு ஒரு பட்டன், நாலு சின்ன லைட், பின்னால யூஎஸ்பி 3 கேபிள் குத்துற இடமும் 12 வோல்ட் அடப்டர் குத்துற இடமும். பாண் வாட்டுற டோஸ்டர் மாதிரி இரிக்கும், பாணுக்குப் பதிலா ஹாட்டிஸ்க்க மேலால நட்டு வெக்கிற. மட்டக்களப்பு டவுன்ல வாங்கினன், பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைய. ரெண்டு மாசமா பாவிச்சிட்டன், ஆனபடியா எழுதலாம் எண்டு நினைக்கிறன்.

ஏன் வாங்கின எண்ட கதையச் சொல்லாம இது நல்லமா கூடாதா எண்டு சொல்ல ஏலா.

அக்கா களுதாவளையில இரிக்கா. முந்தி ஒரு புரொஜெக்ட்ல வேலை செய்தவ, அது முடிஞ்சு மூடக்குள்ள அவ பாவிச்ச லெப்டொப்ப அவவுக்கே குடுத்திட்டாங்க, கடிதமும் குடுத்தாங்க, இன்ன சீரியல் நம்பர் இன்னாருக்கு எண்டு சீல் அடிச்சி. எல்லாம் சரி, ஆனா விண்டோஸ்ட அட்மின் பாஸ்வேட்ட மட்டும் ஒருத்தரும் குடுக்கல்ல. அக்காட எக்கவுண்ட் சும்மா சாதாரண யூசர். அட்மின் வெச்சிருந்த ஐடி தம்பி இப்ப கட்டார்ல, வாட்ஸப்ல நீலக் கோடு ரெண்டும் விழுகுது, பதில் மட்டும் வருகுதில்ல. அவரையும் குறை சொல்ல ஏலா, அஞ்சாறு வருசத்துக்கு முந்தி வெச்ச பாஸ்வேட் ஆருக்கு ஞாபகம் இரிக்கும்.

இவ்வளவு நாளும் அது ஒரு பிரச்சினையா இரிக்கல்ல. இந்த வருசம் மிசின் செத்த மாதிரி ஆகிட்டு. காலைல ஓன் பண்ணி வெச்சிட்டு வெத்திலக் கொடிக்கு தண்ணி ஊத்திட்டு வந்தாலும் வட்டம் சுத்திட்டுத்தான் கிடக்கும். உள்ளுக்க இரிக்கிறது 500 ஜீபி சுத்துற ஹாட்டிஸ்க். எஸ்எஸ்டி, அதான் சுத்தாத கெதியான டிஸ்க், ஒண்டு போட்டா புது மிசின் மாதிரி வரும் எண்டு எனக்குத் தெரியும், அக்காக்குத் தேவை என்னெண்டா உள்ளுக்க இரிக்கிற ஒண்டும் அசையக்கூடா. பாமினி எழுத்தில அடிச்ச பழைய டொக்கியுமெண்ட் நூத்துக்கணக்கில இரிக்கு, அந்த எழுத்து மிசின்ல இல்லாட்டி தமிழெல்லாம் இங்கிலீசு எழுத்துக் குப்பையா வரும், தெரிஞ்சாக்களுக்குத் தெரியும். ஒரு கணக்கு சொஃப்ட்வெயாரும் இரிக்கு, அதிட சீடி எங்க எண்டு ஆருக்கும் தெரியா.

நான் செய்த முதல் வேலை எல்லாரும் செய்யிறதுதான், குளோன், அதான் முழு டிஸ்க்கையும் அப்பிடியே கொப்பி, எடுக்கிற சொஃப்ட்வெயார் ஒண்ட இறக்கி அக்காட லெப்டொப்ல ஓட விட்ட. உடன ஒரு பெட்டி வந்து அட்மின் பாஸ்வேட் கேக்குது. வேற ஒண்டு இறக்கினன், அதுவும் கேக்குது. யூடியூப்ல பழைய வீடியோ எல்லாத்திலயும் மெக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவச வெர்சனப் போடுங்க எண்டு சொல்லுவாங்க, அந்த இலவசத்த 2024 ஜனவரி 1 ஓட நிப்பாட்டிட்டாங்க, இருந்திருந்தாலும் அதுவும் இதே பெட்டியத்தான் காட்டியிருக்கும். ஏனெண்டா விண்டோஸ் ஓடிட்டு இரிக்கக்குள்ள ஹாட்டிஸ்க்க ஃபைல் ஃபைலா இல்லாம அடியோட, முதல் துண்டில இருந்து கடைசித் துண்டு வரைக்கும் வாசிக்கிறதுக்கு சாதாரண யூசருக்கு உரிமை இல்ல. சொஃப்ட்வெயார மாத்தி மாத்திப் பாத்து ஒரு பிரயோசனமும் இல்ல, நான் ஒரு ஞாயித்துக்கிழமைய இதில நாசமாக்கினன்.

மறுகா ஒரு கடையில கேட்டம். கடைப் பேர் வேணாம். "ஃபோமெட் அடிச்சி புது விண்டோஸ் போட்டுத் தாறன் அக்கா, டொக்கியுமெண்ட் மட்டும் பென் டிரைவ்ல எடுத்துத் தரலாம்" எண்டாங்க. அக்கா லெப்டொப்பத் தூக்கிட்டு வந்திட்டா.

எனக்கு விளங்கின விசயம் இதுதான். அட்மின் பாஸ்வேட் எண்டுறது விண்டோஸ்ட வாசல்ல நிக்கிற வோச்சர். விண்டோஸ் எழும்பினாத்தான் அவரும் எழும்புவார். விண்டோஸ எழுப்பாம ஹாட்டிஸ்க்க வெளிய கழட்டி எடுத்தா வோச்சர் ஒண்டும் கேக்க ஏலா, அவரும் அந்தப் பெட்டிக்குள்ளதானே படுத்திரிக்கார். இந்த டொக் செய்யிற வேலையும் அதுதான். கொம்பியூட்டரே தேவையில்ல. பழைய டிஸ்க்க ஒரு குழியில, புதுச மத்தக் குழியில, யூஎஸ்பி கேபிளக் கழட்டி வெச்சிட்டு பட்டன ஒரு மூண்டு நாலு செக்கன் அமத்திப் பிடிச்சா லைட் மின்ன வெளிக்கிடும். 25, 50, 75, 100 எண்டு ஒவ்வொண்டா பத்திட்டு வரும். உள்ளுக்க என்ன இரிக்கு, விண்டோஸா லினக்ஸா, ஆர்ட பாஸ்வேட் எண்டெல்லாம் அதுக்குக் கவலை இல்ல, இருக்கிறத இருக்கிற மாதிரி அந்தப் பக்கம் தள்ளும்.

இனி குறை. முதல் குறை, எந்தக் குழி பழசுக்கு எந்தக் குழி புதுசுக்கு எண்டத கறுப்பு பிளாஸ்டிக்கில கறுப்பாவே அச்சு வெச்சிருக்காங்க. டோர்ச் அடிச்சிப் பாத்தாத்தான் தெரியும். இத மாத்தி வெச்சிட்டு பட்டன அமத்தினா வெறும் எஸ்எஸ்டிய எடுத்து அக்காட பத்து வருச வேலைய அழிச்சு அதுக்கு மேல எழுதிரும், திருப்பி எடுக்கவே ஏலா. இவ்வளவு ஆபத்தான பட்டன வெச்ச சாமானுக்கு ஒரு வெள்ளை எழுத்துப் போடக் காசில்லாமப் போச்சா. அக்கா சரஸ்வதி பூசைக்கு லெப்டொப்புக்கு சந்தனப் பொட்டு வெக்கிறவ, அந்த அடையாளம் மூடியில இன்னும் இரிக்கு. நான் கழட்டின பழைய ஹாட்டிஸ்க்குக்கும் ஒரு பொட்டு வெக்கச் சொன்னன், டொக்ல பழசு வைக்கிற குழிக்கு முன்னாலயும் ஒரு பொட்டு. பொட்டுக்கு நேர பொட்டு. அதுக்குப் பிறகு பிழை வரச் சான்ஸே இல்ல. சிரிக்காதீங்க, வேலை செய்யுது.

ரெண்டாவது குறை டொக்ட பிழை எண்டு சொல்ல ஏலா, என்ட பிழை. நான் வாங்கிட்டு வந்தது 480 ஜீபி எஸ்எஸ்டி. அக்கா பாவிச்சிரிக்கது 130 ஜீபி மட்டில, ஆனபடியா தாராளமாக் காணும் எண்டு நினைச்சன். டொக்குக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியா, அது நிரம்பின இடமும் வெறும் இடமும் சேத்து முழுசாத்தான் கொப்பி எடுக்கும், ஆனபடியா புதுசு பழசுட அளவுக்கு இல்லாட்டி அதுக்கு மேல இரிக்கோணும். 500 ஜீபிய விண்டோஸ் 465 எண்டு காட்டும், 480 அ 447 எண்டு காட்டும், பதினெட்டு ஜீபி குறையுது. பட்டன அமத்த ஒரு லைட் சும்மா துடிச்சிட்டு நிண்டுட்டு, ஏன் எண்டு ஒரு சொல்லும் இல்ல. கூட வந்த துண்டுப் பேப்பர்ல பிழை வந்தா எந்த லைட் எப்பிடி மின்னும் எண்டு எழுதவே இல்ல. திரும்ப கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போய் 512 ஆ மாத்தினன், அது 476 எண்டு காட்டும், காணும். மாத்தித் தந்த கடைத் தம்பி நல்ல பிள்ள, உடைச்ச பெட்டியப் பாத்தும் முகம் சுழிக்கல்ல, வித்தியாசக் காச மட்டும் எடுத்தார். அவர் ஒரு கேள்வியும் கேட்டார், "அண்ண, லெப்டொப் உங்கட சொந்தம்தானே? ஒப்பிஸ்ட எண்டா கேட்டுட்டுச் செய்ங்க" எண்டு. கடிதம் இரிக்கு எண்டு சொன்னன். அந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சிருந்திச்சு, சாமான் விக்கிற ஆக்கள் அதிகம் கேக்க மாட்டாங்க. உண்மையாவே வேலை குடுத்தவங்கட மிசின் எண்டா இதத் தொடாதீங்க, ஐடி ஆக்கள்ட்ட சொல்லுங்க, அது அவங்கட வேலை.

இனி நடந்த பெரிய கூத்து. 512 அ நட்டு பட்டன அமத்தினது பின்னேரம் ரெண்டு மணிக்கு, கச்சான் காத்து நெருப்பா அடிக்கிற நாள். நல்ல டிஸ்க் எண்டா ரெண்டு ரெண்டரை மணித்தியாலத்தில முடியோணும். 25 பத்திச்சு, 50 பத்திச்சு, 75 ஓட நிண்டுட்டு. தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாத்தா 75. கோயில்ல பின்னேரப் பூசை மணி கேக்குது, 75. பழைய டிஸ்க்கத் தொட்டுப் பாத்தா இட்டலிச் சட்டி மாதிரிச் சுடுது, உள்ளுக்க டிக் டிக் எண்டு ஒரு சத்தம். அப்பதான் எனக்குப் பத்திச்சு, இந்த டிஸ்க் சுகமில்லாத டிஸ்க், மிசின் ஆமையா ஓடினதே அதாலதான், நான் அதப் பாக்காம பட்டன அமத்திட்டன்.

செய்திருக்க வேண்டிய முறை இது. டொக்க முதல்ல யூஎஸ்பியால நம்மட சொந்த மிசினுக்குக் குத்தி, கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி ஒண்டால டிஸ்க்கிட நாடி பிடிச்சுப் பாக்கோணும். அதுவும் அட்மின் கேக்கும்தான், ஆனா என்ட லெப்டொப்புக்கு நான்தானே அட்மின். இத ஆக்கள் யோசிக்கிறல்ல, அந்த மிசின்ல அட்மின் இல்லாட்டி என்ன, டிஸ்க்கத் தூக்கிட்டு நீங்க அட்மினா இரிக்கிற மிசினுக்குப் போங்க. நான் பிறகு அப்பிடிப் பாத்தா மஞ்சள் கலர்ல எச்சரிக்கை, வாசிக்க ஏலாமக் காத்திட்டு இரிக்கிற செக்டர் (டிஸ்க்கிட சின்னத் துண்டு) எண்டு ஒரு வரியில சைபர் இரிக்க வேண்டிய இடத்தில நம்பர் நிக்குது. இந்த டொக்ட மிச்சம் பெரிய குறை இதுதான். பழுதான ஒரு இடம் வந்தா அந்த இடத்தையே திரும்பத் திரும்ப முட்டிட்டு நிக்கும், தாண்டிப் போகத் தெரியா. சாகக் கிடக்கிற டிஸ்க்க அப்பிடி முட்ட வெக்கிறது இன்னும் கெதியாச் சாக வெக்கிற வேலை. ஆனபடியா சுகமான டிஸ்க்குக்கு பட்டன், சுகமில்லாததுக்கு பட்டன் வேணாம்.

ஆனா டொக் அங்கயும் கைவிடல்ல. பட்டன் இல்லாம, யூஎஸ்பி கேபிள் குத்தினா அது ரெண்டு டிஸ்க்கையும் மிசினுக்குத் தனித்தனியாக் காட்டும். நான் என்ட லெப்டொப்ல சிஸ்டம்ரெஸ்கியூ எண்டுற லினக்ஸ ஒரு பென்ல போட்டு, ஓன் பண்ணக்குள்ள எஃப் 12 அ அமத்தி பென்ல இருந்து எழுப்பினன். சில மிசினுக்கு எஃப் 9, சிலதுக்கு எஸ்கேப், கொம்பனிக்குக் கொம்பனி மாறும். அதில டீடீரெஸ்கியூ எண்டு ஒண்டு இரிக்கு, இலவசம், கறுப்புத் திரையில எழுத்து மட்டும். அதிட குணம் என்னெண்டா முதல் சுத்தில லேசா வாசிக்கக்கூடியது எல்லாத்தையும் அள்ளிரும், பிடிவாதம் பிடிக்கிற இடத்த ஒரு ஃபைல்ல குறிச்சு வெச்சிட்டு தாண்டிப் போயிரும், மறுகா திரும்பி வந்து அந்த இடங்கள மட்டும் பொறுமையாச் சுரண்டும். இடையில கரண்ட் போனாலும் அந்தக் குறிப்பு ஃபைல் இருந்தா விட்ட இடத்தில இருந்து தொடங்கலாம். குறிப்ப இன்னொரு பென்ல வைங்க, அந்த லினக்ஸ் மெமரில ஓடுற, மிசின் நிண்டா அதில வெச்சதெல்லாம் போயிரும். இதிலயும் எது பழசு எது புதுசு எண்டத மாத்தி அடிச்சா கதை முடிஞ்சுது, அங்க பொட்டும் இல்ல, டிஸ்க்கிட மொடல் பேரையும் அளவையும் பாத்து மூண்டு தரம் சரி பாத்துத்தான் என்டர் அடிச்சன்.

மேசை ஃபேன டொக்குக்கு நேர வெச்சிட்டுப் படுத்தம். அக்கா நடுச்சாமத்தில எழும்பி எழும்பிப் பாத்திரிக்கா. "தம்பி, நம்பர் ஓடுது, ஆனா ஒண்டு சிவப்பாக் கிடக்கு, எழுப்பவா?" எண்டு ரெண்டு தரம் என்ன எழுப்பினா. விடியப் பாத்தா 99.99 சொச்சம் வந்திரிக்கு, கடைசியா வாசிக்க ஏலாமப் போனது 312 கேபி. அரை ட்ரில்லியன் பைட்டில 312 கேபி. எது போச்சு எண்டு ரெண்டு கிழமைக்குப் பிறகுதான் தெரிஞ்சுது, பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி வீடியோ ஒண்டு ரெண்டாவது நிமிசத்தில அப்பிடியே உறைஞ்சு நிக்குது, பிள்ளையள் தேசிக்காய் கரண்டியோட ஓடிட்டிருக்கக்குள்ள. மத்ததெல்லாம் இரிக்கு, பாமினி உட்பட.

பிறகு எஸ்எஸ்டிய என்ட விண்டோஸ்ல குத்தி ஒருக்கா, பிழை பாத்துத் திருத்துற செக் டிஸ்க் ஓட்டினன், அதுக்கும் அட்மின் வேணும் எண்டதால அக்காட மிசின்ல ஏலா. அப்ப பழசக் கழட்டி வெச்சிட்டுக் குத்துங்க, ரெண்டுக்கும் ஒரே அடையாள நம்பர் எண்டபடியா ஒண்டாக் குத்தினா விண்டோஸ் குழம்பி ஒண்ட மூடி வெச்சிரும். கூட இரிக்கிற பதினொரு ஜீபி சும்மா கிடக்கு, அத சீ டிரைவோட சேக்கிறதுக்கு நடுவில ரெக்கவரி பார்ட்டிசன் குறுக்க கிடந்த, ஜீபார்டட் எண்டுற பார்ட்டிசன் மாத்துற இலவச சொஃப்ட்வெயாரால அத அங்கால நகத்தலாம், நான் மினக்கெடல்ல.

எஸ்எஸ்டிய அக்காட லெப்டொப்ல போட்டு நாலு ஸ்குருவும் பூட்டி ஓன் பண்ணினம். இருவது செக்கனுக்குள்ள அவட பேர் வந்திட்டு. அக்கா பாஸ்வேட் அடிச்சி உள்ள போய், எல்லா போல்டரையும் ஒவ்வொண்டாத் திறந்து பாத்திட்டுக் கேட்டா:

"அப்ப இப்ப நான் அட்மினா?"

இல்லக்கா. வோச்சரும் சேந்துதானே கொப்பி ஆகிட்டார். அதே பூட்டு, அதே சாவி இல்லாக் கதை, சாதாரண யூசர்தான். குளோன் எடுத்தா பாஸ்வேட் போயிரும் எண்டு நினைச்சு இந்த டொக்க வாங்கிறாக்கள் இருந்தா வாங்காதீங்க. அதுக்கு அந்த ஐடி தம்பி கட்டார்ல இருந்து பதில் போடோணும். விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட சப்போட்டும் முடிஞ்சுது, இனி என்ன செய்யிற எண்டுற அடுத்த தலையிடி தனியா இரிக்கு.

அவ அடுத்துக் கேட்டது இன்னும் நல்ல கேள்வி. "என்ட பாஸ்வேட் தெரியாமலே நீ இவ்வளவையும் அள்ளிட்டாய், அப்ப கள்ளன் ஒருத்தன் தூக்கிட்டுப் போனா?" அவனும் அள்ளுவான். விண்டோஸ்ட டிஸ்க் பூட்டு பிட்லொக்கர் மாதிரி ஒண்டால முழு டிஸ்க்கும் பூட்டியிருந்தாத்தான் தப்பலாம். அப்பிடிப் பூட்டியிருந்தா டொக் அதையும் கொப்பி எடுக்கும்தான், ஆனா பூட்டின குப்பையாத்தான் எடுக்கும், புது டிஸ்க்கப் போட்டதும் 48 இலக்கத்தில ரெக்கவரி கீ கேட்டாலும் கேக்கும். ஆனபடியா தொடங்க முதல் மை கொம்பியூட்டர்ல சீ டிரைவுக்கு மேல பூட்டுப் படம் இரிக்கா எண்டு பாருங்க, அதப் பாக்க அட்மின் தேவையில்ல. பூட்டு இருந்து கீ இல்லாட்டி ஸ்குருவில கை வைக்காதீங்க. பழைய லெப்டொப்ப விக்கிறாக்களும் இத ஞாபகம் வைங்க, கடையில குடுக்க முதல் டிஸ்க்கக் கழட்டிருங்க.

டொக் வாங்கப் பிரியமில்லாட்டி, டிஸ்க் சுகமா இருந்தா, குளோன்சில்லா இரிக்கு. தாய்வான் ஆக்கள் செய்தது, இலவசம், பென்ல இருந்து எழும்புற, பாவிச்ச இடத்த மட்டும் கொப்பி எடுக்கிறபடியா டொக்க விட கெதி. மெனுவப் பாத்தா தலை சுத்தும், மவுஸ் வேணும் எண்டா ரெஸ்கியூசில்லா. ரெண்டும் விண்டோஸ எழுப்பாமலே வேலை செய்யிறதால அட்மின் கதையே வராது, விண்டோஸுக்கு முதலே மிசின எழுப்புற பயொஸுக்கும் பாஸ்வேட் போட்டு பென்ல எழும்ப விடாமப் பண்ணியிருந்தா மட்டும் டிஸ்க்கக் கழட்டித்தான் ஆகோணும். ஒண்டு, விண்டோஸ ஷிஃப்ட் கீய அமத்திட்டு ஷட் டவுன் பண்ணுங்க, இல்லாட்டி அது அரைத் தூக்கத்தில படுத்திரிக்கும், குளோன்சில்லா முறைக்கும். பென்ன உங்கட மிசின்ல செய்ங்க, அதச் செய்யிற ரூஃபஸ் சொஃப்ட்வெயாரும் அட்மின் கேக்கும்.

சாமானுக்கு மார்க் போடச் சொன்னா அஞ்சுக்கு மூண்டரை. பிளாஸ்டிக் மெல்லிசு, ஆனா உள்ளுக்க குத்துற இடம் இறுக்கமா நல்லா இரிக்கு, நாப்பது அம்பது தரம் நட்டுப் பிடுங்கியும் லூசாகல்ல. அடப்டர் தட்டை ரெண்டு முள்ளு, நம்மட மூண்டு முள்ளு ப்ளக்குக்கு கன்வெர்ட்டர் தனியா வாங்கோணும், அத அவங்க சொல்லவே இல்ல, ராவு எட்டு மணிக்கு ஆரையம்பதில கடை கடையாத் தேடினன். அரை மார்க் அதுக்கே குறைச்சன். ஒரு மார்க் அந்த கறுப்பில கறுப்பு எழுத்துக்கு.

பழைய டிஸ்க்க அக்கா அலுமாரில, புடவைக்கடைப் பையொண்டில சுத்தி வெச்சிரிக்கா, பொட்டோடயே. டொக் என்ட கையில இல்ல. பக்கத்து வீட்டு மாமி மகளுக்கு லெப்டொப் ஸ்லோ எண்டு வாங்கிட்டுப் போனவ, அவக்கிட்ட இருந்து எங்கயோ கல்முனைக்குப் போய்ட்டாம். அடப்டரும் கன்வெர்ட்டரும் சேத்துத்தான் போயிரிக்கு.